புதுப்பிப்பு: வயிற்றுக் கிருமி ஒருவழியாகப் போய்விட்டது

கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் சேர்ந்த மருந்தை 14 நாள் விழுங்கியும் ஹெலிகோபாக்டர் கிருமி போகவில்லை என்று முன்பு புலம்பியிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அதே குளிசையைத் திரும்ப எடுக்காமல், பிஸ்மத் என்ற வயிற்று மருந்து சேர்ந்த நான்கு மருந்து முறையைப் பற்றி டொக்டரிடம் கேட்கச் சொன்னவரின் யோசனைதான் சரிவந்தது. பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு அன்டிபயோட்டிக், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், மறுபடி 14 நாள். டெட்ராசைக்ளினோடு பால் கூடாது என்பதால் வெள்ளவத்தைக் கடையில் வெறும் பிளேன்டீதான். வாயில் எந்நேரமும் செப்புக்காசைச் சப்பியதுபோல் ஒரு ருசி. யாரும் சொல்லாத ஒன்று: ஐந்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் நாக்கு கரிக்கட்டி, மலமும் கறுப்பு, இரத்தமோ என்று பயந்து டொக்டரிடம் ஓடினேன், பிஸ்மத்தின் வேலையாம். அப்புறம், அன்டிபயோட்டிக் முடிந்து 4 கிழமை, ஒமெப்ரசோல் நிறுத்தி 2 கிழமை கழித்துத்தான் கிருமி போனதா என்று பார்க்கும் மலப் பரிசோதனை, முந்தினால் பொய்யாக நெகட்டிவ் வரலாம். போன கிழமை ரிப்போர்ட் வந்தது: நெகட்டிவ்.