டீசல் பிக்கப் ஐட்லிங் ஊஞ்சல் ஆடுகிறது, நாசில் பார்த்தும் சரியாகவில்லை

வாழைக்குலை:

வணக்கம் அண்ணன்மாரே. என்னிடம் இருப்பது 2007 மாடல் டீசல் பிக்கப், டிஎன் 75 வண்டி, பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப், சென்சார் ஒன்றும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் செகண்ட்ஹேண்டில் எடுத்தேன். திருவட்டார், குலசேகரம் பக்கம் தோட்டத்தில் குலை ஏற்றி நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறேன்.

இரண்டு மாதமாக ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஒரு நிலையில் நிற்கவில்லை. காலையில் செல்ஃப் நிறைய நேரம் அடித்தால்தான் பிடிக்கும், பிடித்த பிறகு சத்தம் தானாக ஏறும், தானாக இறங்கும், ஊம் ஊம் என்று ஒரு தாளத்தில் போய்க்கொண்டே இருக்கும். தக்கலையில் டிராஃபிக்கில் நின்றால் சில சமயம் அப்படியே ஆஃப் ஆகிவிடும், பின்னால் இருக்கிற பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பான். ஓட்டத்தில் பெரிய குறை தெரியவில்லை, ஏற்றத்தில் மட்டும் இழுவை கொஞ்சம் கம்மி.

டீசல் ஃபில்டர் இரண்டு தடவை மாற்றியாச்சு. டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் நாலு நாசிலும் கழற்றி டெஸ்ட் போட்டு வாங்கி வந்தேன். எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் போயாச்சு. இப்போது ஒர்க்‌ஷாப்பில் பம்பை இறக்கி காலிபரேஷன் பண்ண (டீசல் கொடுக்கும் அளவைச் சரிபார்த்து செட் பண்ண) வேண்டும், 18,000 ஆகும் என்கிறார்கள். கேட்டதும் வெப்ராளமாக இருக்கிறது. இறக்குவதற்கு முன்னால் நாமே பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

மண்டைக்காட்டான்:

ஐட்லிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றி விடு மக்கா, ஆஃப் ஆகாது. இதற்குப் போய் பம்பை இறக்குவாங்களா, சவத்தைத் தள்ளு.

பழைய பம்ப்காரன்:

ஸ்க்ரூவை ஏற்றினால் ஆஃப் ஆவது நிற்கும், நோய் உள்ளேயே இருக்கும். தம்பி, மூன்று விஷயம் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். டேங்க் ஃபுல்லாக இருக்கும்போதும் இப்படித்தானா, பாதிக்குக் கீழே போனால் அதிகமாகிறதா? கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பம்பை நாலு தடவை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் என்ன ஆகிறது? கடைசியாக, உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் என்ன லோடு அடித்தார்?

வாழைக்குலை:

அண்ணே, ஃபுல் டேங்கில் ஏறக்குறைய சரியாக இருக்கிறது. பாதிக்குக் கீழே போனால் ஆட்டம் தொடங்கிவிடும். ஹேண்ட் பம்ப் அடித்தால் பத்து நிமிஷம் தங்கமாக ஓடும், அப்புறம் பழைய கதை. முன்னால் வைத்திருந்தவர் குளச்சல்காரர், மீன் லோடுதான். எதற்குக் கேட்கிறீர்கள்?

பழைய பம்ப்காரன்:

நினைத்தேன். உங்கள் வண்டி டீசலோடு காற்றையும் சேர்த்துக் குடிக்கிறது.

டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பாதையில் ஒரு ஊசி ஓட்டை இருந்தால், இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் எல்லாரும் கீழே குனிந்து பார்த்துவிட்டு லீக் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். குமிழி பம்புக்குள் போனதும் டீசல் குறைகிறது, இன்ஜின் வேகம் இறங்குகிறது, உடனே வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற பாகம் கூடுதலாக டீசல் கொடுக்கிறது, அதற்குள் குமிழி கடந்துவிடுவதால் வேகம் தேவைக்கு மேல் ஏறுகிறது, திரும்பக் குறைக்கிறது. உங்கள் ஊம் ஊம் அதுதான். ராத்திரி நிறுத்தினால் அதே ஓட்டை வழியாகக் காற்று ஏறி லைனில் இருக்கும் டீசல் டேங்குக்குத் திரும்பிவிடும், காலையில் செல்ஃப் இழுப்பது அதனால். டேங்கில் மட்டம் குறையக் குறைய இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டும், காற்றும் கூடும்.

மீன் லோடு ஏன் கேட்டேன் என்றால், பெட்டியில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சேஸிஸ் மேல் வருஷக்கணக்கில் சொட்டியிருக்கும். சேஸிஸை ஒட்டிப் போகும் இரும்பு டீசல் பைப்பை கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் இடத்தில்தான் அந்தத் தண்ணீர் தேங்கும். மேலே பெயின்ட் நன்றாகத் தெரியும், கிளிப்புக்கு அடியில் அரித்திருக்கும்.

கேன் டெஸ்ட் போடுங்கள். ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, சுத்தமான கேனில் ஐந்து லிட்டர் டீசல் ஊற்றி அதிலிருந்து நேராகக் கொடுங்கள். மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விடுங்கள், இல்லையென்றால் டீசல் டேங்குக்குப் போய்க் கேன் காலியாகிவிடும்.

எஸ்டேட் ஜீப்:

கேனை பானட் மேல் தூக்கிக் கட்டினால் வேலை சுலபம், நான் அப்படித்தான் செய்வேன்.

பழைய பம்ப்காரன்:

லைனில் இருக்கும் காற்றை வெளியேற்ற அது சுலபம்தான், ஆனால் டெஸ்டுக்கு உதவாது. மேலே இருந்தால் டீசல் தன் எடையிலேயே இறங்கிவிடும், உறிஞ்ச வேண்டியதில்லை. ஃபில்டர் தலையிலோ ஹேண்ட் பம்பிலோ ஏர் பிடித்தால்கூட அப்போது தெரியாது. கேன் தரையில், டேங்க் மட்டத்தில் இருக்கட்டும்.

கேனில் சரியாக ஓடினால் ஃபில்டர், ஹேண்ட் பம்ப், பம்ப் எல்லாம் தப்பித்தன, குறை டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். கேனிலும் ஆடினால் ஃபில்டரையும் விட்டுவிட்டு நேராகப் பம்புக்குக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம், கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூப் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்) இருக்குமே, அதில் ஒரு ஜாண் வெட்டி லைனுக்கு நடுவில் கிளிப் போட்டு மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். டெஸ்டுக்கு மட்டும்தான், டீசல் பட்டால் அந்த டியூப் நாளாக ஆக விறைத்து வெடிக்கும்.

எஸ்டேட் ஜீப்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். டேங்க் மூடியையும் பாருங்கள், திறக்கும்போது புஸ்ஸென்று உள்ளே காற்று இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. என் ஜீப்பை ஒருவர் ஐட்லிங் கோளாறு என்று மாதக்கணக்கில் பார்த்தார், கடைசியில் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சத்தம் ஒரே சீராக இருந்து ஸ்டீயரிங் மட்டும் நடுங்கினால் மவுண்டிங். சத்தமே ஏறி இறங்கினால் டீசல் பக்கம்.

கருங்கல் ஆம்னி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என்னுடையது பெட்ரோல் ஆம்னி, இன்ஜெக்‌ஷன் மாடல், இதே மாதிரி ஏறி இறங்குகிறது. இதே டெஸ்ட்தானா?

எஸ்டேட் ஜீப்:

இல்லை, அது வேறு கதை. இன்ஜினுக்குள் காற்று விடும் த்ராட்டில் பாடியில் கரி, ஐட்லிங் வால்வு அடைப்பு, வாக்குவம் ஹோஸ் வெடிப்பு, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். தனியாக ஒரு கேள்வி போடுங்கள், இதில் கலக்க வேண்டாம்.

வாழைக்குலை:

நாலு நாள் கழித்து வருகிறேன், மழையில் வண்டிக்கு அடியில் படுக்க முடியவில்லை.

கேனை தரையில் வைத்து அரை மணி நேரம் ஓட்டினேன். அண்ணே, ஒரு ஆட்டம் இல்லை, தையல் மிஷின் மாதிரி ஓடியது. திரும்ப டேங்க் லைனைக் கொடுத்ததும் ஐந்தாவது நிமிஷத்தில் ஊஞ்சல். கண்ணாடி டியூபை முதலில் டேங்க் பக்கத்தில் மாட்டினேன், டீசல் மட்டும் போனது. அதையே ஃபில்டர் பக்கம் மாற்றினேன், கடுகு கடுகாகக் குமிழி, விடாமல்.

பின் சக்கரத்துக்கு முன்னால் இருந்த கிளிப்பைக் கழற்றி, பைப்பைக் கத்தியால் சுரண்டினேன். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த இடத்தில் எப்போதும் மண் கறுப்பாக ஒட்டியிருக்கும், நான் இத்தனை நாளும் அதை இன்ஜின் ஆயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு அந்தத் துண்டை வெட்டிவிட்டு டீசல் ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டிருக்கிறேன், 240 ரூபாய். முழு பைப்பையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஒரு சின்னப் பிரச்சினை. ஐட்லிங் ஆடவில்லை, ஆனால் சத்தம் ரொம்ப அதிகம், கியர் போட்டாலே பாய்கிறது. ஒர்க்‌ஷாப்பில் அந்த ஸ்க்ரூவை முன்னாலேயே ஏற்றி வைத்திருக்கிறார்கள் போல.

மண்டைக்காட்டான்:

நான் ஒன்றும் சொல்லவில்லை மக்கா.

பழைய பம்ப்காரன்:

சந்தோஷம் தம்பி. முதலில் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுத்துப் பிடித்திருக்கிறதா பாருங்கள், அது டைட்டாக இருந்தால் ஸ்க்ரூவைத் திருப்பி ஒரு பயனும் இல்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக இறக்குங்கள், ஹெட்லைட் போட்டும் ஆஃப் ஆகாத இடத்தில் நிறுத்தி நட்டை முறுக்கிவிடுங்கள். பம்பில் ஈய சீல் வைத்த ஸ்க்ரூ இருக்கும், அதன் மேல் மட்டும் ஸ்பேனரை வைத்துவிடாதீர்கள். அதைத் தொட்டால் அந்த 18,000 உண்மையாகவே செலவாகும்.