ஆதியாகமம் 6-ல் வரும் தேவகுமாரர்: தூதர்களா, சேத்தின் வம்சமா?

காட்பாடி_வாசகர்:
வேலூர் வட்டார வாலிபர் வகுப்புக்கு ஆதியாகமம் 6:1-4, அதாவது ஜலப்பிரளயத்துக்கு முன் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளைப் பெண்கொண்ட பகுதி, பாடமாக வந்திருக்கிறது. நேரம் 45 நிமிஷம். தேவகுமாரர் யார் என்பதில் பாடம் எடுக்கிறவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வசனம் காட்டி எழுதுங்கள். எந்த வரிசையில் எடுத்தால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள் என்றும் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
தூதர்கள்தான், பிரதர். யோபு 1:6, 2:1, 38:7 மூன்றையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முதல் இரண்டிலும் தேவபுத்திரர் கர்த்தருடைய சந்நிதியில் வந்து நிற்கிறார்கள், சாத்தானும் அவர்கள் நடுவில் நிற்கிறான். மூன்றாவதில் பூமிக்கு அஸ்திபாரம் போடும்போது கெம்பீரிக்கிறார்கள். அன்றைக்கு மனுஷனே உண்டாகவில்லையே! எபிரெயத்தில் ஆதியாகமம் 6-க்கும் யோபுக்கும் ஒரே வழக்குதான். முதல் நூற்றாண்டு யூத சரித்திரக்காரர் யோசேப்பஸ், பிறகு ஆதி சபையின் ஆசிரியர்களான ஜஸ்டின், ஐரேனியஸ், தெர்த்துல்லியன் எல்லாரும் தூதர்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆம்பூர்_ஆசிரியர்:
தம்பி, யோபுக்குப் போகுமுன் ஆதியாகமத்தையே முழுசாக வாசிக்கணும். 4-ஆம் அதிகாரத்தில் ஆதாமின் மகன் காயீனின் வம்சம் லாமேக்கு வரை, 5-ல் இன்னொரு மகன் சேத்தின் வம்சம் நோவா வரை. 4:26-ல் சேத்தின் மகன் ஏனோஸின் நாளில் மனுஷர் கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ள ஆரம்பித்தார்கள் என்று இருக்கு. இரண்டு வம்சத்தையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, உடனே 6-ல் இரண்டும் கலந்ததைச் சொல்லுது: தேவகுமாரர் சேத்தின் வம்சத்தார், மனுஷகுமாரத்திகள் காயீன் வம்சத்துப் பெண்கள். ஜனத்தைத் தேவனுடைய பிள்ளைகள் என்று சொல்றதும் பழைய ஏற்பாட்டில் புதிசு இல்லை: யாத்திராகமம் 4:22, உபாகமம் 14:1, ஓசியா 1:10. மூன்றாம் நூற்றாண்டு கிறிஸ்தவ ஆசிரியர் ஆப்பிரிக்கானஸ் முதல் அகஸ்டின் வரை இந்த விளக்கம் உண்டு. நம்ம ஊருக்கு 1853-ல் வந்த ஆற்காடு மிஷன் சீர்திருத்த மரபைச் சேர்ந்தது. அந்த மரபின் கால்வினும் தூதர் கருத்தை மறுத்தவர்தான்.

இன்னொன்று, மத்தேயு 22:30. பரலோகத்தில் தூதர்களுக்குக் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்று ஆண்டவரே சொல்லிட்டார். அதற்கு மேல் என்ன வேணும்?

பாலாற்றங்கரை:
ஐயா, அந்த வசனத்தில் "பரலோகத்திலே" என்றுதான் இருக்கு. அங்கே நிலைத்திருக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் அங்கே பேச்சு. இடத்தை விட்டு வந்தவர்களால் என்ன முடியும் என்று அது சொல்லவில்லை. ஆதியாகமம் 19-ல் லோத்தின் வீட்டில் இரண்டு தூதர்கள் சாப்பிடுகிறார்கள், 19:16-ல் அவன் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறார்கள்.

சேத் விளக்கத்தில் பெரிய ஓட்டை 6:1-தான். "மனுஷர் பூமியின்மேல் பெருகத் துவக்கி, அவர்களுக்குக் குமாரத்திகள் பிறந்தபோது" என்கிறதில் மனுஷர் எல்லாரும் அடக்கம். அடுத்த வசனத்திலேயே மனுஷகுமாரத்திகள் என்றால் காயீன் வம்சத்துப் பெண்கள் மட்டும் என்று எப்படிச் சுருங்கும்? சேத்தின் பிள்ளைகள் பக்தியுள்ளவர்கள் என்றால் ஜலப்பிரளயத்தில் நோவாவின் பேழைக்குள் எட்டுப் பேர் மட்டும் போனது ஏன்?

ராணிப்பேட்டை_சிஸ்டர்:
மூன்றாவது கருத்தும் உண்டு. சங்கீதம் 82:6-ல் நியாயாதிபதிகளையே தேவர்கள், உன்னதமானவரின் மக்கள் என்கிறார், 82:7-ல் மனுஷர்போலச் சாவீர்கள் என்கிறார். பூர்வ ராஜாக்கள் இஷ்டப்பட்ட பெண்களையெல்லாம் எடுத்துக்கொண்டதுதான் பாவம் என்று யூத விளக்கவுரைகளில் உண்டு. ஆனால் கூட்டமாக ராஜாக்களை "தேவகுமாரர்" என்று நேராகச் சொல்லும் இடம் ஆதியாகமத்தில் இல்லை. அதனால் வகுப்பில் இதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

எனக்குப் பாரமாக நிற்பது யூதா 6, 7-தான். தங்களுக்குரிய வாசஸ்தலத்தை விட்டுவிட்ட தூதர்கள் என்று 6 சொல்லுது. 7-ல் சோதோம் கொமோரா பட்டணத்தார் "அவர்களைப்போல் விபசாரம்பண்ணி, அந்நிய மாம்சத்தைத் தொடர்ந்து" என்று வருது. "அவர்கள்" யார்? தூதர்களா, முன்னே சொன்ன வேறு யாராவதா? 2 பேதுரு 2:4-6-ஐயும் பக்கத்தில் வையுங்கள்: பாவஞ்செய்த தூதர், நோவா, சோதோம். அதே வரிசை. ஆம்பூர் ஐயா இதற்குப் பதில் சொல்லணும்.

ஆம்பூர்_ஆசிரியர்:
சொல்றேன்மா. யூதா அந்தத் தூதர்களின் பாவமாகச் சொல்வது ஆதிமேன்மையைக் காத்துக்கொள்ளாததும் இடத்தை விட்டதும். பெண்களைக் கொண்டார்கள் என்று அங்கே எழுதலை. "அவர்களைப்போல்" என்பதைச் சோதோமைச் சுற்றின பட்டணத்தாருக்கும் எடுத்துக்கொள்ளலாம். தூதர்கள் விழுந்தது ஏதேனுக்கு முன்னாடியே நடந்த கலகமாகவும் இருக்கலாம். பேதுருவிடம் வரிசை இருக்கு என்பதால் ஒரே சம்பவம் என்று ஆகாது.

பாலாற்றங்கரை:
சுற்றுப்பட்டணத்தார் அந்த வசனத்திலேயே பட்டியலில் இருக்கிறார்கள், ஐயா. "சோதோம் கொமோரா, அவைகளைச் சூழ்ந்த பட்டணத்தார்" என்று எல்லாரையும் சொல்லி முடித்தபிறகு "அவர்களைப்போல்" என்றால், அதற்கு முன் வசனத்தில் இருக்கும் தூதர்கள்தான் மிச்சம்.

யூதா 14, 15-ல் ஏனோக்கு சொன்னதாக வரும் வாக்கு ஏனோக்கின் பெயரால் உள்ள பழைய நூலில் அப்படியே இருக்கு. 200 காவல் தூதர்கள் மனுஷப் பெண்களைக் கொள்ள எர்மோன் மலையில் இறங்கினதை அந்த நூல் சொல்லுது. அதன் அரமேயத் துண்டுகள் சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் 4-ஆம் குகையில் கிடைத்தன. யூதா எழுதும்போது வாசகருக்கு அந்த விளக்கம் தெரிஞ்ச விஷயம்.

ஆம்பூர்_ஆசிரியர்:
தெரிஞ்ச விஷயம் என்பது வேறு, வேதம் என்பது வேறு. எத்தியோப்பிய சபையைத் தவிர வேறு பெரிய சபை எதுவும் அதை வேதத்தில் சேர்க்கலை. பவுல் அத்தேனேயில் கவிஞர்களின் வரியை எடுத்தார் என்பதற்காக அந்தக் கவிதை முழுசும் சத்தியமாகிடுமா? எபிரெயர் 1:5 என்ன சொல்லுது? "நீர் என்னுடைய குமாரன்" என்று தூதர்களில் யாருக்காவது எப்போதாவது சொன்னதுண்டா என்று கேட்குதே!

பாலாற்றங்கரை:
அது சங்கீதம் 2:7, சிங்காசனத்தில் ஏற்றும் ஒருவரிடம் நேராகப் பேசும் வார்த்தை. எந்தத் தூதனுக்கும் அந்த உரிமை இல்லை, நானும் அதைத்தான் நம்புகிறேன். கூட்டமாகத் தேவபுத்திரர் என்று யோபு சொல்வதை அது தடுக்காது. தடுத்தால் யோபு 38:7-ஐ என்ன செய்வீர்கள்?

ராணிப்பேட்டை_சிஸ்டர்:
இராட்சதர் விஷயத்தில் இரண்டு பேரும் 6:4-ஐ நிதானமாகப் படியுங்கள். "அந்நாட்களில் இராட்சதர் பூமியிலே இருந்தார்கள்" என்று முதலில் வருது, பிறகுதான் பிள்ளைகள் பிறந்தது. பிறந்தவர்களை "பேர்பெற்ற மனுஷராகிய பலவான்கள்" என்கிறது. மனுஷர்! அரைத்தூதர் இனம் என்று வசனம் சொல்லலை. எண்ணாகமம் 13:33-ல் கானானில் இருந்த ஏனாக்கின் குமாரரை இராட்சதர் என்று சொன்னது பயந்துபோன வேவுகாரர்கள். முந்தின வசனமே அதைத் துர்ச்செய்தி என்கிறது. ஜலப்பிரளயத்தில் அழிந்த கூட்டம் கானானில் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் இங்கேதான் பதில் தொடங்கணும்.

வாட்ஸப்பில் சுற்றும் ராட்சத எலும்புக்கூடு படத்தைத் தயவுசெய்து வகுப்பில் காட்டாதீர்கள். 2002-ல் ஒரு படத்திருத்தப் போட்டிக்காகச் செய்தது அது. அடியில் இருக்கும் படம் நியூயார்க் மாநிலத்தில் மாஸ்டோடான் என்ற பழைய யானை இனத்தின் எலும்பைத் தோண்டின இடம். அதை ஆதாரமாகக் காட்டினால், பொய் என்று தெரிந்த அன்றைக்கே பிள்ளைகள் வசனத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

காட்பாடி_வாசகர்:
அப்போ வரிசை இப்படி வைக்கிறேன். 4:17 முதல் 6:8 வரை நிறுத்தாமல் சத்தமாக வாசிக்க 10 நிமிஷம். அடுத்து யோபின் மூன்று வசனம், 5. யூதாவும் 2 பேதுருவும் இரண்டு பேர் கையில் கொடுத்து மாறி மாறி வாசிக்க, 10. மத்தேயு 22, எபிரெயர் 1 எதிர்வாதமாக, 10. சங்கீதம் 82-க்கு 5. கேள்விக்கு 5.

ஆம்பூர்_ஆசிரியர்:
நல்லது. 6:4-ல் நிறுத்திட வேணாம், 6:8 வரை வாசிப்பதே சரி. 6:5-ல் கர்த்தர் கண்டது "மனுஷனுடைய அக்கிரமம்". தூதர்மேல் பழியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் எழுந்துபோகக் கூடாது. எந்தக் கருத்தை எடுத்தாலும் ஜலப்பிரளயம் வந்தது மனுஷன்மேல்தான்.

பாலாற்றங்கரை:
அதில் எனக்கும் மறுப்பு இல்லை, ஐயா. ஆனால் யூதாவை 6-ஆம் வசனத்தோடு நிறுத்தாதீங்க, பிரதர். 7-ஐயும் ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்புத்தாளிலும் இரண்டையும் பிரிக்காமல் ஒரே பத்தியாக அச்சடிங்க. பிரித்துப் போட்டால் "அவர்களைப்போல்" யாரைக் குறிக்குது என்ற கேள்வியே எழாது.