மாநிறத் தோல், தாடையில் முடி: லேசரா, எலக்ட்ராலிசிஸா?

கயல்விழி:
மாநிறத்தைவிட இன்னும் கொஞ்சம் கறுப்பு நிறம். அக்குளிலும் காலிலும் முடி தடிப்பா, கறுப்பா இருக்கு. தாடையில் பதினைந்து தடித்த முடி, அதில் மூணு நரைச்சாச்சு. கன்னம் முழுக்கப் பூனைமுடி. இப்போதைக்கு முகத்துக்கு த்ரெட்டிங், காலுக்கு வேக்சிங். எல்லாத்தையும் ஒரேடியா லேசரில் முடிச்சிடலாமா? நிரந்தரம்னு சொல்றாங்களே, அப்புறம் வரவே வராதா? வீட்டில் வெச்சுக்கிற ஐபிஎல் கருவியே (ஒளி பாய்ச்சி முடியைக் குறைக்கிறது) போதுமா?

வேர்க்கால்:
எல்லாத்துக்கும் ஒரே முடிவு சரிவராதுங்க. நீங்க சொன்னதில் மூணு வகை முடி இருக்கு.

லேசர் ஒளி பிடிக்கிறது முடியை இல்லை, முடியில் இருக்கிற மெலனின்ங்கிற கறுப்பு நிறமியை. அது சூடாகி, அந்தச் சூடு வேர்ப்பைக்குப் போனாத்தான் வேலை நடக்கும். நரைமுடியில் மெலனின் இல்லை, அதனால் எத்தனை தடவை சுட்டாலும் அந்த மூணும் அப்படியே நிக்கும். தடித்த கறுப்பு முடிக்கு நல்லா வேலை செய்யும். அக்குள், கால் ரெண்டுக்கும் தாராளமா போகலாம்.

ஆனா அதே மெலனின் உங்க தோலிலும் இருக்கு. எந்தக் கருவின்னு கேட்காம உட்காராதீங்க. 755 நானோமீட்டர் (ஒளியோட அலைநீளம்) அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்கானது. உங்க நிறத்துக்கு 1064 என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு. அது தோலின் மேலடுக்கை அதிகம் சூடாக்காம ஆழத்துக்கு இறங்கும். 810 டையோடு லேசரும் கைதேர்ந்தவங்க நல்ல குளிர்விப்போட செய்வாங்க. கருவியோட பெயரைச் சொல்லத் தெரியாத இடத்திலிருந்து எழுந்து வந்துடுங்க.

நிரந்தரம்ங்கிறதில் ஒரு சூட்சுமம் உண்டு. மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பு எஃப்டிஏ லேசருக்குக் கொடுத்திருக்கிற சொல் 'நிரந்தரக் குறைப்பு'. 'நிரந்தர நீக்கம்'ங்கிறது எலக்ட்ராலிசிஸுக்குத்தான் (ஊசி வழியா மின்சாரம் விட்டு ஒவ்வொரு வேரா அழிக்கிறது). லேசரில் பெரும்பகுதி போகும், மிச்சம் மெலிசாகும், அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை தொட்டுவிட வேண்டிவரும்.

கன்னத்தை மட்டும் தொடவே தொடாதீங்க. பூனைமுடியில் நிறமி குறைவு, வேரைக் கொல்ற அளவு சூடு ஏறாது. அந்த அரைச்சூடு சில பேருக்கு வேரைத் தூண்டிவிட்டு, மெலிசா இருந்த முடி தடிச்சு வளரும். கறுத்த தோலுள்ளவங்களுக்கு முகத்திலும் கழுத்திலும்தான் இது அதிகம். காசு கொடுத்து தாடி வாங்கின கதை!

இளவேனில்:
லேசருக்குப் போறதா இருந்தா வேக்சிங், த்ரெட்டிங், பிடுங்குறது எல்லாத்தையும் குறைஞ்சது 4 வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க. வேரோடு பிடுங்கிட்டா ஒளி பிடிக்க உள்ளே ஒண்ணும் இருக்காது. ஷேவிங் மட்டும் பண்ணலாம், முந்தின நாள் கட்டாயம் பண்ணணும். முடி வெளியே நீட்டிக்கிட்டிருந்தா சூடு மேலேயே கருகி தோலைச் சுடும். (ஷேவ் பண்ணா தடிக்கும்ங்கிறது வெறும் கதை.)

வளர்ச்சிப் பருவத்தில் இருக்கிற முடிதான் ஒவ்வொரு தடவையும் மாட்டும். அதனால்தான் 6 முதல் 8 அமர்வு. அக்குளுக்கு 4–6 வாரத்துக்கு ஒண்ணு, காலுக்கு 6–8 வாரம். ஆர்வத்தில் நெருக்கிப் போறதில் லாபமே இல்லை.

முதல் நாளே முழுக் காலையும் கொடுக்காம ஓரமா ஒரு சின்ன இடத்தில் சோதனை பண்ணச் சொல்லுங்க. சரியா விழுந்தா சில நிமிஷத்தில் ஒவ்வொரு வேரைச் சுத்தியும் புல்லரிச்ச மாதிரி குட்டி வீக்கம், லேசான சிவப்பு வரும். தோல் சாம்பலா வெளுத்தா அது தீக்காயம், உடனே நிறுத்தச் சொல்லணும். அப்புறம் ஒண்ணு ரெண்டு வாரத்தில் முள்ளு முள்ளா முடி எட்டிப்பார்க்கும். முளைக்குதுன்னு பயப்படாதீங்க, செத்த முடி வெளியே தள்ளப்படுது.

வலிக்கு மரப்புக் களிம்பை ரெண்டு கால் முழுக்கப் பூசி பிளாஸ்டிக் தாளால் சுத்தி வைக்கிறது ஆபத்து. அதில் இருக்கிற லிடோகெயின்ங்கிற மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறி உயிரே போயிருக்கு. குளிர்விப்பு சரியா இருந்தா காலுக்கு அது தேவையும் இல்லை.

நுண்ணூசி:
தாடைக்கு எலக்ட்ராலிசிஸ்தான். பதினைந்து முடிதானே, நரைச்சதும் சேர்ந்து போயிடும். மெல்லிய ஊசியை வேர்ப்பைக்குள் இறக்கி மின்சாரம் விடுவாங்க. ஊசி சரியா இறங்கினா, அப்புறம் இடுக்கியால் எடுக்கும்போது முடி இழுபடாம வழுக்கிக்கிட்டு வரும். ஒவ்வொண்ணும் சுருக்குனு பிடுங்கின மாதிரி வந்தா வேர் சாகலைன்னு அர்த்தம். பிடிக்கிற அளவுக்கு, 2–3 மில்லிமீட்டர் வளரவிட்டுப் போங்க. அப்புறம் வர்ற சின்னப் பொருக்கைக் கிள்ளினா கறுப்புத் தழும்பு நிக்கும். பேஸ்மேக்கர் இருக்கிறவங்களுக்கு இது வேண்டாம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு: மாதவிடாய் தள்ளித்தள்ளிப் போகுதா? அப்படின்னா முதலில் டாக்டரிடம் போய் டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் அளவைப் பாருங்க. பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) இருந்தா, நீங்க அழிக்க அழிக்க ஹார்மோன் புது முடியைத் தடிக்க வெச்சுக்கிட்டே இருக்கும். சில மாசத்திலேயே முடி மளமளன்னு வந்து குரலும் கனத்தா தள்ளிப்போடவே கூடாது.

கயல்விழி:
மாதவிடாய் ஒழுங்காத்தான் இருக்கு. கன்னத்தை விட்டுடறேன். ஐபிஎல் பத்தி யாரும் சொல்லலையே?

வேர்க்கால்:
உங்க நிறத்துக்கு வேண்டாம். அது லேசர் இல்லை, பல அலைநீளம் கலந்த பளிச்சொளி, தோலின் மெலனினையும் சேர்த்துப் பிடிக்கும். நல்ல கருவியில் நிறம் பார்க்கிற சென்சார் இருக்கும், கறுத்த தோலில் வெச்சா கருவி ஒளியே விடாது. உள்ளங்கைப் பக்கம் வெச்சு அதை ஏமாத்துற வித்தையெல்லாம் வீடியோவில் காட்டுவாங்க, செய்யாதீங்க. அக்குளில் கொப்புளத்தோடு கையைக் கீழே இறக்க முடியாது.