எல் பாசோவில் பூட்டான் கட்டடங்கள்: இரவல் வேடமா?

மண்சுவர்:
டெக்சாஸின் மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாலைவன நகரம் எல் பாசோ. அங்குள்ள பல்கலைக்கழகம் முழுக்கப் பூட்டான் சாயல்: மேலே போகப் போகக் குறுகும் சுவர், நீண்டு இறங்கும் கூரை, அதனடியில் மண்டலம் எனும் வட்டப் பௌத்தக் கோல ஓடுகள் பதித்த செங்கல் பட்டை. அன்று அது சுரங்கக் கல்லூரி. 1914 ஏப்ரல் நேஷனல் ஜியாகிரபிக்கில் பூட்டான் படங்களைப் பார்த்த கல்லூரி முதல்வரின் மனைவி கேத்லீன் வொரல் சொன்ன யோசனை இது. 1916இல் பழைய கட்டடம் எரிந்துபோக, புது இடத்தில் ஹென்றி டிராஸ்ட் நிறுவனம் வடிவமைத்த ஓல்ட் மெயின் 1917இல் எழுந்தது. எல்லோரும் வியக்கிறார்கள், எனக்கு உறுத்துகிறது. பூட்டானின் ஜோங் கோட்டைக்குள் மடமும் அரசு அலுவலகமும் சேர்ந்தே இருக்கும். கல்லும் மண்ணும் கொண்ட கனத்த சுவர் நிற்க அடி அகன்றிருக்க வேண்டும். கான்கிரீட்டுக்கு அந்தச் சரிவு எதற்கு?

வெயில்காலம்:
சுவரைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கூரை? பூட்டானில் மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளி விழவைக்கும் அதே இறவாரம், இங்கே உச்சிவெயிலைச் சன்னலில் படாமல் தடுக்கிறது. பின்னால் பிராங்கிளின் மலையின் மொட்டைப் பாறைகள். அந்தப் படங்களின் நிலப்பரப்பும் இதுவும் ஒத்துப்போவதாக வொரலுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

மண்சுவர்:
வெயிலுக்கென்றே அந்த ஊரில் அடோபி மரபு இருக்கிறதே! பச்சைமண் செங்கல்லில் தடித்த சுவர், சின்னச் சன்னல். பகலெல்லாம் உள்ளே குளிர்ச்சி. அதை விட்டு இமயமலைக்குப் போவானேன்? அப்புறம் அந்தப் பட்டை. பூட்டானில் கோயில், மடம், ஜோங் என்று காட்டும் செந்நிற அடையாளம் அது. இங்கே வாகன நிறுத்தக் கட்டடத்துக்கும் அதே பாணி!

தச்சன்மகள்:
பூட்டான்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் பாருங்கள். 2008இல் வாஷிங்டன் நாட்டார் கலை விழாவுக்காகப் பூட்டான் கைவினைஞர்கள் செதுக்கி, வண்ணம் தீட்டி எழுப்பிய லாகாங் கோயிலைப் பரிசாகவே கொடுத்துவிட்டார்கள். 2015 முதல் அது இந்த வளாகத்தின் நடுவில் இருக்கிறது. அவமதிப்பாக எண்ணியிருந்தால் கொடுப்பார்களா? பூட்டான் தலைநகர் திம்புவிலும் இன்று கான்கிரீட் கட்டடத்துக்கு மேல்தான் மரபு வேலைப்பாடு.

மண்சுவர்:
கொடுத்தது அவர்கள் பெருந்தன்மை. அதற்காக ஒட்டவைத்த அலங்காரம் கட்டடக்கலை ஆகிவிடாது. லாகாங்கின் மரச்செதுக்கலைக் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, அந்த வாகன நிறுத்தத்தையும் பாருங்கள்.

வெயில்காலம்:
வாகன நிறுத்தத்தில் பட்டையை எடுத்துவிடலாம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஓல்ட் மெயினை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.