கேன் தண்ணீர் ஊற்றியும் கோல்டு ஃபிஷ் சாகிறது, என்ன தப்பு?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். அம்பத்தூர் பக்கம் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மகளின் பிறந்த நாளுக்குக் கொளத்தூர் போய் மூன்று கோல்டு ஃபிஷ் வாங்கி வந்தோம். இரண்டு ஆரஞ்சு, ஒன்று வெள்ளை உடம்பில் சிவப்புக் குல்லா வைத்தது. கூடவே உருண்டைக் கண்ணாடி ஜாடி, கலர் கல், ஒரு டப்பா தீனி. "ரெண்டு வேளை தீனி, வாரம் ஒரு தடவை தண்ணி மாத்துங்க, அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர்.

நான் கொஞ்சம் சுத்தக்காரி. வாரம் என்ன வாரம், மூன்று நாளுக்கு ஒரு முறை மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கல்லை அரிசி களைவதுபோல ஐந்தாறு தரம் களைந்து, ஜாடியைப் பாத்திர சோப்பு போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கிறதே என்று நாங்கள் குடிக்கிற கேன் தண்ணீரையே ஊற்றினேன். தீனியை மட்டும் மகள் போடுவாள். அவை கண்ணாடிப் பக்கம் வந்து வாயைத் திறந்தால் அவளுக்கு மனசு கேட்காது.

ஐந்தாம் நாள் ஒன்று போனது. ஒன்பதாம் நாள் இன்னொன்று. குல்லாக்காரன் மட்டும் இருக்கிறான். நேற்றிலிருந்து அவனும் மேலேயே நின்று காற்றைக் குடிக்கிறான். துடுப்பு ஓரத்தில் மை தடவியதுபோலக் கறுப்பு. மாமியார், "வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கிச்சு, விடும்மா" என்கிறார். இவர், "இருபது ரூபாய் மீன், மாசக்கணக்கிலா இருக்கும்?" என்கிறார். மகள்தான் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். யாராவது சொல்லுங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

கொஞ்சம் கல்லுப்பு போடுங்கள் சகோ. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

பழைய தொட்டி எழுதியது:

உப்பு இருக்கட்டும் தம்பி, இதற்கு அது மருந்து இல்லை.

தங்கச்சி, முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியது. கேன் தண்ணீர் வேண்டாம். ஒரு வாளி குழாய்த் தண்ணீர் பிடித்து, மீன் கடையில் விற்கிற ஹைப்போ கல்லை அவர்கள் சொல்கிற அளவுக்குப் போட்டுக் கலக்குங்கள். குளோரின் போய்விடும். ஜாடித் தண்ணீரில் பாதியை மட்டும் எடுத்துவிட்டு, அதைக் குவளை குவளையாக, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு ஊற்றுங்கள். மூன்று நாள் தீனி கிடையாது. பாப்பா அழுதாலும் கிடையாது. கோல்டு ஃபிஷுக்கு இரைப்பையே இல்லை, அதனால் எப்போதும் பசித்த முகத்தோடுதான் வரும். ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

இனி தப்பு எங்கே என்று சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், சுத்தம்தான் தப்பு. மீன் தன் கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடும். கண்ணுக்குத் தெரியாது, நாற்றமும் வராது, தண்ணீர் பளிங்காக இருக்கும். அதைத் தின்று நைட்ரைட்டாக்க ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்க இன்னொரு வகை. இரண்டும் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் மூன்று நாளுக்கு ஒரு முறை குடியைக் கலைத்துவிட்டீர்கள். மொத்தத் தண்ணீரையும் மாற்றினால் அமோனியா போகும், உண்மைதான். ஆனால் கேன் தண்ணீர் ஆர்.ஓ.வில் உப்பெல்லாம் வடிகட்டிய வெறும் தண்ணீர். அதில் மீனின் உடம்பு உப்பு கசிந்துகொண்டே இருக்கும். அதை ஒரே மூச்சில் மாற்றினால் அடிமேல் அடி. சோப்பு மிச்சம் ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். நம் போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதைக் கோல்டு ஃபிஷ் ஒன்றும் சொல்லாது.

இது நான் படித்துச் சொல்வதல்ல. முதல் வருடம் பதினோரு மீனைப் புதைத்தவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் பஞ்சு பழுப்பாக, வழவழவென்று இருந்ததைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். என் மனைவிகூட மெச்சினாள். புதன்கிழமைக்குள் நான்கு மீன் போனது. அந்தப் பழுப்புதான் அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு முக்கு முக்கி எடுப்பதோடு சரி.

அந்தக் கறுப்புக்குப் பயப்பட வேண்டாம். அமோனியா சுட்ட இடம் ஆறும்போதுதான் அப்படிக் கறுக்கும். உங்கள் குல்லாக்காரன் தேறப் பார்க்கிறான்.

ஜாடியை விடுங்கள். இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரத் தொட்டி பார்த்தால் ஐம்பது சொச்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு மீனுக்குப் போதும், இரண்டே நெருக்கடி. இந்த ஜாதி ஆறேழு அங்குலம் வளரும். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: இங்கிலாந்தில் 1956-ல் ஒரு சந்தையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்கிற கோல்டு ஃபிஷ் 1999 வரை, 43 வருடம் இருந்தது. ஒழுங்காக வைத்தால் பத்து வருடம் சாதாரணம்.

மொட்டைமாடி எழுதியது:

அண்ணா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. சோப்பு போட்டது நான்தானே. நீங்கள் சொன்னபடி பாதித் தண்ணீர் மாற்றினேன். சாயங்காலம் கீழே இறங்கி நீந்தினான். தொட்டி வந்ததும் ஃபில்டர் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? ராத்திரி நிறுத்தலாமா? கரண்ட் பில்லுக்காகக் கேட்கிறேன்.

கரண்ட்கட் எழுதியது:

நிறுத்தவே கூடாது அக்கா. நின்றால் பஞ்சில் இருக்கிற பாக்டீரியா மூச்சு முட்டிச் சாகும். பஞ்சு ஃபில்டரை ஓட்டுகிற ஏர் பம்ப் இழுப்பது மூன்று நான்கு வாட்தான், பில்லில் தெரியாது. வெயில் காலத்தில் இன்னும் கவனம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும், 30-ல் ஏழரைதான். தண்ணீர் சூடாக இருந்தால் அமோனியாவின் விஷமும் ஏறும். மே மாதம் நான் தொட்டிக்கு நேரே டேபிள் ஃபேன் வைத்துவிடுவேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. பேட்டரி பம்ப் முதல் ராத்திரியே தீர்ந்தது. அப்பாவும் நானும் முறை போட்டுக்கொண்டு சொம்பில் தண்ணீரை மொண்டு, டீ ஆற்றுவதுபோல ஓர் அடி உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். கால் மணிக்கு ஒரு முறை, மெழுகுவத்தி வெளிச்சத்தில். நான்கும் பிழைத்தன.

பழைய தொட்டி எழுதியது:

தம்பி சொல்வது சரி. கூடவே தண்ணீரில் அமோனியா இருக்கிறதா என்று சொட்டு விட்டுப் பார்க்கிற கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் தங்கச்சி. மஞ்சளாக இருந்தால் நிம்மதி, பச்சை அடித்தால் அன்றைக்கே கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். முதல் மாதம் பச்சையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

மொட்டைமாடி எழுதியது:

ஏழு வாரம் ஆகிறது அண்ணா. நீங்கள் சொன்னதுபோல முதல் மாதம் முழுக்கப் பச்சைதான், நாள் விட்டு நாள் தண்ணீர் தூக்கினேன். போன செவ்வாயிலிருந்து சொட்டு மஞ்சளாகவே நிற்கிறது. துடுப்பில் கறுப்பு அநேகமாகப் போய்விட்டது. பஞ்சு பழுப்பாகக் கிடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கிறது, தொடவில்லை. தீனி இப்போது ஒரு வேளைதான், மகள் உருண்டைகளை எண்ணிப் போடுகிறாள். கண்ணாடி ஜாடியை மாமியார் நார்த்தங்காய் ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டார். அதை மட்டும் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கொடுத்தேன்.