புதுப்பிப்பு: பூத்தையல் நூல்களுக்கு ஒருவழியாக இடம் கிடைத்துவிட்டது

நூல்கண்டுகளையும் துணிகளையும் சின்ன அறையில் எப்படி அடுக்குவது என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. நூல்களை அட்டைகளில் சுற்றி, நிற எண் வரிசையில் மூடியுள்ள பெட்டியில் வைத்துவிட்டேன். அட்டையின் மேல் ஓரத்திலேயே எண் இருப்பதால், பாதிப் பூவில் இலைப்பச்சை தீர்ந்தாலும் அதே சாயல் சட்டென்று கைக்கு வருகிறது. திறந்த அலமாரி அழகுதான், ஆனால் வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் வெளுத்துவிடும். அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

கம்பளிக்கும் பட்டுக்கும் தனிப்பெட்டி. அந்துப்பூச்சியின் புழு தேடி வருவது இவற்றைத்தான். புதிதாக வரும் கம்பளியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வைத்த பிறகே உள்ளே சேர்க்கிறேன்.

அப்புறம், துணியை மடிக்காமல் சுருட்டச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மடிப்புக்கோடே விழவில்லை! ஊசிகளுக்குத்தான் இன்னும் சரியான இடம் அமையவில்லை.