விறகு அடுப்பில் ஓயாத புகை, கவுன்சிலில் இருந்து கடிதம்: எங்கே தவறு செய்கிறேன்?

வடலண்டன்வாசி:
வணக்கம். போன கோடையில் வட லண்டனில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்தோம். முன்னறையில் பழைய உரிமையாளர் பொருத்திய விறகு அடுப்பு இருக்கிறது. குளிர் தொடங்கியதும் எரிக்க ஆரம்பித்தோம். கதவுக் கண்ணாடி ஒரே மாலையில் கறுத்துவிடுகிறது. புகைபோக்கியில் மணிக்கணக்காகப் புகை. போன வாரம் கவுன்சில் கடிதம் வந்தது: நாங்கள் இருப்பது புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாம், புகார் வந்திருக்கிறதாம், தொடர்ந்தால் அபராதமாம். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு ஆஸ்துமா. அபராதத்தைவிட அதுதான் மனதை உறுத்துகிறது. அடுப்பை விட்டுவிடுவதா, சரிசெய்ய வழி உண்டா?

தணல்:
விட்டுவிடுவது பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். அடுப்பின் பின்பக்கமோ அடியிலோ தகடு இருக்கும். அதில் உள்ள மாடல் பெயர், அரசின் விலக்கு பெற்ற அடுப்புகள் (புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் விறகு எரிக்க அனுமதி உள்ளவை) பட்டியலில் இருக்கிறதா? விறகு எங்கே வாங்கியது, எப்போது வெட்டியது? புகை அதிகம் வருவது பற்றவைக்கும்போதா, இரவிலா?

முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் மற்ற இரண்டும் தேவையில்லை. இங்கிலாந்தில் இந்தப் பகுதிகளில் சாதாரண அடுப்பில் விறகே எரிக்கக் கூடாது, எவ்வளவு காய்ந்திருந்தாலும். அங்கீகரித்த புகையில்லா எரிபொருள் மட்டும்தான்.

வடலண்டன்வாசி:
பட்டியலில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். விறகு தெரிந்தவர் தோட்டத்து மரம். வசந்தத்தில் வெட்டினார், செப்டம்பரில் பிளந்து கொடுத்தார். கொட்டகையில் அடுக்கித் தார்ப்பாயால் முழுக்க மூடி வைத்திருக்கிறேன். புகை இரவில்தான் அதிகம். படுக்கும்முன் இரண்டு பெரிய கட்டைகளைப் போட்டுக் காற்றுத் திறப்பை அடைத்துவிடுவேன். காலையில் தணல் இருக்கும், மறுபடி பற்றவைப்பது சுலபம்.

தணல்:
உங்கள் பதிலிலேயே காரணம் இருக்கிறது. இரண்டு தவறு.

ஒன்று, அது இன்னும் பச்சை விறகு. புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். பிளந்து அடுக்கிய பிறகே ஒன்று முதல் இரண்டு வருடம் காய வேண்டும். ஓக் இன்னும் மெதுவாகக் காயும். நீங்கள் பிளந்து சில மாதம்தான் ஆகிறது, அதுவும் காற்றே புகாமல் மூடி. மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும். 10 கிலோ விறகில் 35% ஈரம் என்றால் மூன்றரை லிட்டர் தண்ணீரை முதலில் ஆவியாக்க வேண்டும். நெருப்பின் சூட்டில் ஒரு பகுதி அதற்கே போய்விடுகிறது. சூடு போதாததால் மரத்திலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாகவும், புகைபோக்கிக்குள் தாராகவும் மாறுகிறது.

இரண்டாவதைத்தான் உடனே நிறுத்த வேண்டும். காற்றை அடைத்தால் மரம் எரியாது, புழுங்கும். அந்தத் தார் ஒரு நாள் தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும். அதோடு, விலக்கு பெற்ற அடுப்புகள் பலவற்றில் காற்றுத் திறப்பு முழுக்க மூடாதபடி ஒரு தடை இருக்கும். உங்களுடையது முழுக்க மூடுகிறது என்றால், யாரோ கழற்றியிருக்கலாம். அந்தத் தடை இல்லாமல் விலக்கும் செல்லாமல் போகலாம், ஆகவே கையேட்டைப் பாருங்கள்.

முல்லை:
தம்பி, ஊரில் ஆயா ஊதுகுழலை வைத்துக்கொண்டு ஈர விறகோடு போராடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கண்ணெல்லாம் சிவந்திருக்கும். அதனால் இங்கே அடுப்பு வைத்ததும் இதையெல்லாம் தேடித் தேடிக் கற்றேன்.

பற்றவைப்பதைத் தலைகீழாக மாற்றுங்கள். பெரிய கட்டைகள் அடியில், மேலே சிராய், உச்சியில் தீமூட்டி. காற்றுத் திறப்பெல்லாம் முழுக்கத் திறந்துவிடுங்கள். தீ மேலிருந்து கீழே இறங்கும்போது, கீழிருந்து கிளம்பும் வாயு சுவாலைக்குள் புகுந்து எரிந்துவிடும். நன்றாகப் பிடித்ததும் கீழ்க்காற்றை (விறகுக்கு அடியிலிருந்து புகுவது) குறைத்து, மேல்காற்றை (விறகுக்கு மேலே புகுவது) விட்டுவையுங்கள். விறகுக்கு மேல்காற்றுதான் வேண்டும். சாம்பலை முழுக்க அள்ளாதீர்கள், ஓர் அங்குலம் இருக்கட்டும். அப்புறம், ஒரே நேரத்தில் நாலு கட்டை திணிக்காமல் ஒன்றிரண்டாகப் போடுங்கள்.

பெயிண்ட் அடித்த பலகை, பழைய வேலி மரம் எதுவும் வேண்டவே வேண்டாம். பழைய வேலி மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கலாம்.

புகைபோக்கி:
சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்துக்குப் பிறகு, 1956-ல் வந்த தூய காற்றுச் சட்டத்தில் தொடங்கியவை இந்தப் பகுதிகள். இப்போது புகைக்கு அபராதம் 175 முதல் 300 பவுண்டு வரை. 2021 மே முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகு 20% ஈரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 'ரெடி டு பர்ன்' (எரிக்கத் தயார்) முத்திரை பார்த்து வாங்குங்கள். கடிதத்துக்கு என்னென்ன மாற்றினீர்கள் என்று பதில் எழுதிவிடுங்கள்.

வடலண்டன்வாசி:
ஈரமானி வாங்கி, ஒரு கட்டையைப் பிளந்து புது முகத்தில் குத்திப் பார்த்தேன்: 34%. வெளிப்பக்கம் 22 காட்டியதை நம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன். முத்திரை விறகு 17. மூன்று வாரமாக இரவில் அடைப்பதில்லை. கண்ணாடி தெளிவாக இருக்கிறது, பற்றவைத்துக் கால் மணி நேரத்தில் வெளியே புகை தெரிவதில்லை. புகைபோக்கி சுத்தம் செய்தவர் வளைவில் தார் கெட்டியாகப் படிந்திருந்ததாகச் சொன்னார். காற்றுத் திறப்பு முழுக்க மூடாதபடி தடுக்கும் திருகு ஒன்றையும் புதிதாகப் போட்டோம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. சில நாள் கதவைத் திறந்தால் புகை அறைக்குள் வருகிறது.

தணல்:
அப்போது சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா? அது வீட்டுக் காற்றை இழுத்தால் புகைபோக்கி கீழ்நோக்கி இழுக்கும். விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சற்றுத் திறந்து பாருங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அந்த அறையில் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். காற்றே அசையாத, புகை கீழே தங்கும் இரவுகளில் எரிக்காதீர்கள். நல்ல அடுப்பும் நுண்துகள் விடத்தான் செய்யும்.

வடலண்டன்வாசி:
விசிறிதான். கருவி வேலை செய்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, புகை நாற்றம் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லி எண் கொடுத்துவிட்டு வந்தேன். பச்சை விறகு இப்போது தார்ப்பாய் இல்லாமல், கூரைக்குக் கீழ் அடுத்ததற்கு அடுத்த குளிர்காலத்துக்காகக் காய்கிறது.